நடந்து வருகிறவர்கள்

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் கூடினால் முதலில் முழங்கால் வலி, பிறகு சீனி வருத்தத்துக்குக் குளிசை, அதற்குப் பிறகு ஊர்ச் சண்டைக்குத் தப்பி இங்கே வந்த புதிதில் பட்ட குளிர். ஒவ்வொருவரும் மற்றவரை விட ஐந்து பாகை கூடுதலாக நடுங்கியிருப்போம். ஆனால் பயத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. நாம் எல்லோரும் பயந்துபோய் வந்த பிள்ளைகள்தான், அதை ஏன் இப்படிப் பொத்தி வைக்கிறோம் என்று எனக்கு விளங்குவதில்லை. நான் என்னுடையதைச் சொல்கிறேன். சிரிப்பு வரும் இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள். எனக்கே வரும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஸ்காபரோவில், மோர்னிங்சைட் பக்கம் ஒரு அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் இருந்தோம். அப்பா இரண்டு வருடம் முந்தி வந்து பக்டரியில் வேலை செய்துகொண்டிருந்தார். அம்மாவும் நானும் பின்னால் வந்து சேர்ந்தோம். அண்ணாவுக்குப் பத்தொன்பது வயது. அவரை விசாவில் கூப்பிட முடியாமல், ஏஜென்சிக்காரன் ஒருவன் ஊர் ஊராகக் கடத்திக் கொண்டுவந்துகொண்டிருந்தான். ஒரு நாட்டில் இரண்டு மாதம், இன்னொரு நாட்டில் மூன்று மாதம். அம்மா வந்த கையோடு மறுபடி பிள்ளைத்தாய்ச்சி ஆகிவிட்டார். அண்ணா வந்து தொட்டிலைப் பூட்டுவார் என்று அப்பா சொன்னதால் தொட்டில் பெட்டியோடேயே சுவரில் சாத்திக் கிடந்தது.

பள்ளிக்கூடத்தில் புதன்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வந்த புதுசுகளை மட்டும் நூலகத்துக்கு அனுப்புவார்கள். நூலகத்து ரீச்சர் எங்களுக்குக் கதை சொல்லுவார். அவருடைய தாய் ஹவாய்த் தீவுகளில் பிறந்தவராம். அந்தத் தீவுக் கதைகளைத்தான் சொல்லுவார், புத்தகம் பார்க்காமல், தாய் வாயால் கேட்டபடி. கழுத்தில் எண்ணெய் மினுமினுப்போடு கறுப்பு விதைமாலை ஒன்று போட்டிருப்பார். நான் அதை உருத்திராட்சம் என்று நினைத்து, கதை தொடங்குமுன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருவேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த புதன் அவரும் கழற்றிவிட்டார்.

எனக்கு அரைவாசி இங்கிலீஷ்தான் விளங்கும். மிச்சத்தை அவருடைய கைகள் சொல்லும். சூரியன் அவசரப்பட்டு ஓடுவதால் தாயின் மரப்பட்டைத் துணி காயவில்லை என்று, கயிறு போட்டுச் சூரியனையே பிடித்துக் கட்டிய ஒரு பிள்ளையின் கதை சொன்னார். ஜனவரியில், ஐந்து மணிக்கே இருட்டிவிடும் ஊரில் இருந்துகொண்டு அதைக் கேட்க எனக்கு நல்ல விருப்பம். பிறகு எரிமலைத் தெய்வம் கிழவி வேடத்தில் வீடு வீடாக வந்து சாப்பாடு கேட்கும் கதை. இல்லை என்றவர்களின் வீட்டில் நெருப்பு ஆறு பாயுமாம். அந்தக் கிழமை மதத் துண்டுப்பிரசுரம் கொடுக்க வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவிக்கு நான் கதவைத் திறந்து, அப்பாவுக்கு எடுத்து வைத்த மூன்று வடையையும் கொடுத்து அனுப்பினேன். கிழவி திகைத்துப்போனாள். அப்பா வந்து என்னை ஏசின ஏச்சு இப்போதும் காதில் இருக்கிறது.

இந்த வகைப் பயங்கள் எல்லாம் தித்திப்பானவை. மூன்றாவது கதைதான் என்னைப் பிடித்தது.

அந்தத் தீவுகளில் சில இரவுகளில், முன்னொரு காலத்தில் செத்துப்போன அரசர்களும் வீரர்களும் மலையிலிருந்து கடலுக்கு வரிசையாக நடந்து போவார்களாம். முதலில் மேளம் கேட்கும். பிறகு சங்கு. பிறகு தீப்பந்த வெளிச்சம். வழியில் அகப்பட்டவர்கள் உடனே குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். நிமிர்ந்து பார்க்கக் கூடாது. பார்த்தவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

ரீச்சர் எங்களையும் கம்பளத்தில் படுத்துப் பார்க்கச் சொன்னார். மற்றப் பிள்ளைகள் சிரித்துச் சிரித்து உருண்டார்கள். நான் படுத்தேன். முழங்கையை ஊன்றி, நெஞ்சு தரையில் முட்டாமல், பெருவிரல்களால் காதைப் பொத்தி, சட்டைக் கழுத்தைப் பற்களுக்கிடையில் கடித்துக்கொண்டு படுத்தேன். குண்டுபோட விமானம் வரும்போது எப்படிப் படுக்க வேண்டும் என்று உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். ஒரு மேளச் சத்தத்துக்கு வேறு எப்படிப் படுப்பது என்று எனக்குத் தெரியாது. ரீச்சர் பக்கத்தில் வந்து முழந்தாளிட்டு என் முதுகில் கை வைத்தார். அதற்குப் பிறகு ஒருநாளும் எங்களைப் படுக்கச் சொல்லவில்லை.

வளர்ந்த பிறகு அந்தக் கதையை முழுதாகத் தேடிப் படித்தேன். பார்த்தவனை ஈட்டியால் குத்திக் கொன்றுவிடுவார்கள் என்றுதான் அதில் இருக்கிறது. பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று ரீச்சர் கொல்லுவதை எடுத்துவிட்டு, கூட்டிக்கொண்டு போவார்கள் என்று மாற்றியிருக்கிறார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? கொல்லுவது எனக்குப் பழகின விஷயம். கூட்டிக்கொண்டு போவதுதான் பயம். ஊரில் சுற்றிவளைப்பு நடந்தால் ஆண்களை வெயிலில் வரிசையாக இருத்தி, முகத்தை மூடிய ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவன் தலையாட்டினால் அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். போனவர்கள் வருவதில்லை.

ஆனால் கதையில் ஒரு தப்பும் வழி இருந்தது. நடந்து போகிறவர்களில் உன்னுடைய சொந்தக்காரர் ஒருவர் இருந்தால், அவர் உன்னைக் கண்டு, "இது என்னுடைய பிள்ளை, விடுங்கள்" என்று சொல்லுவாராம். அப்படிச் சொன்னால் ஒன்றும் செய்யமாட்டார்களாம்.

நான் கையை உயர்த்தினேன். ஒரு வார்த்தை பிழையில்லாமல் நான் பேசிய முதல் இங்கிலீஷ் வசனம் அதுதான்.

"நடக்கிற எல்லாரும் செத்தவர்களா?"

"எல்லாரும்தான்" என்றார் ரீச்சர்.

அன்று வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் கேட்டேன்.

"அப்பா, அண்ணா இப்ப எங்கை?"

அப்பா வேலைக்குப் போகச் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். "வாறான். காட்டுக்குள்ளாலை நடந்து வாறாங்களாம், இருபது பேர் மட்டிலை. இரவிலைதான் நடக்கலாமாம். ஒராளுக்குப் பின்னாலை ஒராளா. சத்தம் போடக் கூடாதாம்."

இதையே அவர் கிழமைக்குக் கிழமை சொல்லிவந்தார். முந்தி அது எனக்கு வெறும் செய்தி. அன்று முதல் அண்ணா என் கண்ணுக்குள் வரிசையில் நடக்கத் தொடங்கிவிட்டார். இருட்டில், பேசாமல், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்.

நான் யோசித்தது இதுதான். அந்த ஊர்வலம் வந்தால் என்னைக் காப்பாற்ற ஒரு சொந்தக்காரர் அதில் நடக்க வேண்டும். நடக்க வேண்டுமென்றால் அவர் செத்திருக்க வேண்டும். எனக்கு ஆள் வேண்டும், ஆனால் அண்ணா அந்த ஆளாக இருக்கக் கூடாது. ஆகவே வேறு யாரையாவது பிடிக்க வேண்டும். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்த நேரம் பக்கத்தில் போய் இருந்தேன்.

"அம்மா, எங்கடை ஆக்களிலை செத்த ஆக்கள் ஆர் ஆர்?"

அம்மாவின் கை நின்றுவிட்டது. "என்னடி கேட்டனி?"

"செத்தவை. எனக்குத் தெரிஞ்சவை."

அம்மா என் வாயில் ஒன்று போட்டார். வலிக்க அல்ல, சொல் வெளியே வந்ததைத் திருப்பித் தள்ளுவதுபோல. பிறகு எழும்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ச் சாமிப் படத்தடியில் நின்று திருநீற்றை அள்ளி எனக்குப் பூசினார். "ஒருத்தன் வழியிலை நிக்கிறான். ஒருத்தர் வயித்துக்குள்ளை கிடக்கு. பிள்ளையின்ரை வாயிலை ஏன் அம்மாளாச்சி உது வருது?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டார். அதற்குப் பிறகு என் வாயைப் பார்த்தே அம்மா பயந்தார். நான் எதையாவது சொல்லத் தொடங்கினால், முடியுமுன் வேறு கதை எடுப்பார்.

ஆகவே ஆளைத் தேடுவதை விட்டேன், இலையைத் தேடினேன். அந்தத் தீவில் வீட்டைச் சுற்றி நீட்டு இலைச் செடி ஒன்றை நடுவார்களாம், அதைத் தாண்டி நடப்பவர்கள் வரமாட்டார்களாம். ரீச்சர் கரும்பலகையில் கீறிக் காட்டினார். அதே மாதிரிச் செடி ஒன்று எங்கள் கட்டடத்தின் கீழ் வாசலில் சாடியில் நின்றது, சிவப்பு விளிம்பு, வாள் போன்ற இலை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாளுக்கு ஒன்றாக முறித்து வந்தேன். வாசல் கால்மிதிக்குக் கீழ் இரண்டு, பல்கனிக் கதவடியில் மூன்று, அம்மாவின் தலையணைக்குக் கீழ் ஒன்று. பத்தாவது இலையில் கட்டடக் காவலாளி என்னைக் கையும் மெய்யுமாகப் பிடித்து அப்பாவிடம் கொண்டுவந்தார். அப்பா நூறு தரம் சொறி சொன்னார். ஆனால் என்னை ஏசவில்லை. வடைக்கு அவ்வளவு ஏசியவர் இலைக்கு ஏன் ஏசவில்லை என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அந்த மாதங்களில் அப்பா மாறித்தான் இருந்தார். முப்பது நாளுக்கு மேல் மச்ச மாமிசம் தொடவில்லை, டொக்டர் சொன்னவராம். ஸ்காபரோவில் தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு பெரிய கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடத்திய கோயிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் போவோம். முந்தியெல்லாம் அப்பாதான் முன்னுக்கு நின்று தேவாரம் பாடுவார். இப்போது எங்களை வாசலில் இறக்கிவிட்டு, கார் நிறுத்த இடமில்லை என்று ரோட்டுக்கு மறுபக்கம் போய்விடுவார். இடம் எத்தனையோ இருந்தது. அம்மாவும் கண்டார். கண்டும் கேட்கவில்லை.

ஜூலையில் தேர்த் திருவிழா. தேர் என்றால் ஊர்த் தேர் இல்லை, சில்லுப் பூட்டிய மேடையில் பூ அலங்காரம். கட்டடத்தைச் சுற்றி, கார்கள் நிற்கும் தார்வெளியால் ஒரு சுற்று. ஆனால் கூட்டம் நல்ல கூட்டம். ஏழு மாதம் தாண்டிய வயிற்றோடு அம்மா வடத்தைத் தொட்டுக் கும்பிட்டார். காலையிலேயே அண்ணாவின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் ஆயுளுக்கென்று அர்ச்சனை செய்துவிட்டார். அப்பா வழக்கம்போல ரோட்டுக்கு அங்கால், வேலைச் சப்பாத்தோடு, காரில் சாய்ந்துகொண்டு நின்றார்.

நான் கூட்டத்துக்கு முன்னால் போய், வளைவில் நின்றேன். வெயிலில் தார் இளகி மணத்தது. தேர் இன்னும் கட்டடத்துக்குப் பின்னால் நின்றது, எனக்குத் தெரியவில்லை. முதலில் தவில் கேட்டது. பிறகு சங்கு. பிறகு மூலையால் தீவட்டி திரும்பியது, பட்டப் பகலில், வெளிச்சமில்லாத நெருப்பு. அதற்குப் பின்னால் வெறும் மேலோடு ஆண்கள் வரிசை வரிசையாக நடந்து வந்தார்கள்.

என் கால் தானாக மடிந்தது. குப்புற விழுந்தேன். முழங்கை தாரில் சுட்டது. காதைப் பொத்தி, சட்டைக் கழுத்தைக் கடித்துக்கொண்டேன்.

"பாருங்கோ, இந்த வயசிலை பிள்ளையின்ரை பக்தியை" என்றார் மேலே ஒரு அன்ரி. யாரோ என் தலையில் பூவே போட்டார்கள். வெறுங்கால்கள் என்னை விலத்திப் போயின. நிலம் அதிர்ந்தது. அண்ணா இதற்குள் வருகிறார், நிமிர்ந்தால் காண்பேன், கண்டால் அவர் செத்தவர் ஆகிவிடுவார் என்று கண்ணை நோக நோக மூடிக்கொண்டேன். நான் பார்க்காமல் இருக்கும்வரைக்கும் அண்ணா உயிரோடு இருந்தார். அப்படித்தான் நம்பினேன்.

பிறகு தேரின் சில்லு கிட்ட வந்துவிட்டது போலிருக்கிறது. வடம் பிடித்தவர்கள் கத்தினார்கள். "நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ! ஆற்றை பிள்ளை உது?"

வெறுங்கால்களுக்குள்ளே கனத்த சப்பாத்துச் சத்தம் ஒன்று ஓடி வந்தது. "சப்பாத்தோடை உள்ளை வாறான், பாரடா!" என்று யாரோ ஏசினார்கள். என்னைச் சுற்றியிருந்த கால்களைத் தள்ளிக்கொண்டு, ஊர்வலத்துக்கு நடுவிலிருந்து ஒரு ஆண் குரல் சொன்னது:

"என்ரை பிள்ளை. விடுங்கோ."

அது அப்பாவின் குரல். அவ்வளவு பயம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அண்ணாவையே எண்ணிக்கொண்டிருந்தேன், அப்பாவை எண்ணவேயில்லை. அப்பா நடக்கிறவர்களுக்குள்ளே நடக்கிறார். என்னைத் தூக்கிய கைகளை உதைத்தேன், கண்ணைத் திறக்காமலே கத்தினேன்.

"அப்பா செத்திட்டார்! அப்பா செத்திட்டார்!"

"இல்லைக் குஞ்சு, நான் சாகேல்லை. இஞ்சை பார், நான்தான். நான் சாகேல்லை."

"அப்ப அண்ணாவோ? அண்ணா உதுக்குள்ளை நடந்து வாறாரோ? நான் பாக்கமாட்டன், நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ!"

என் நெஞ்சோடு ஒட்டியிருந்த அப்பாவின் நெஞ்சு குலுங்கத் தொடங்கியது. நான் கண்ணைத் திறந்தேன். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எங்களுக்கு முன்னால் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, இல்லை என்று சொல்லட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார்.

"எப்ப?" என்றார் அம்மா.

"மாசியிலை. ஆறு கடக்கேக்கை." பிறகு சொன்னார்: "உமக்கு இந்த நிலைமையிலை எப்பிடிச் சொல்லுறது?"

அம்மா நடைபாதை விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். வடத்தைத் தொட்ட தன்னுடைய உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "என்னை ஏன் உள்ளை விட்டனீங்கள்? துடக்கோடை தேர்வடத்தைத் தொட்டிட்டன். அவன்ரை ஆயுளுக்கு அர்ச்சனை செய்திட்டன்." அதைத்தான் முதலில் சொன்னார். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

பிள்ளைத்தாய்ச்சிக்குச் சாவுச் செய்தி சொல்லக் கூடாது. நம் வீடுகளில் இது சட்டம். சாவுத் தீட்டான துடக்கு உள்ளவர் கோயிலுக்குள் போகக் கூடாது, ஒரு வருட ஆட்டைத் திவசம் முடியும்வரை திருவிழாவும் இல்லை. இதுவும் சட்டம். இரண்டு சட்டத்தையும் காப்பாற்ற அப்பா செய்த வேலை, தன்னை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்திக்கொண்டது. ஐந்து மாதம், ஒரு ஆள், ரோட்டுக்கு மறுபக்கம். அவர் இலைக்கு ஏன் ஏசவில்லை என்பது எனக்கு நாற்பது வயதில்தான் விளங்கியது. அவரும் எதையாவது எங்கள் வாசலில் குறுக்கே போடத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் செய்தது பிழைதான். அந்தப் பிழையை அன்று நானும் செய்திருப்பேன்.

தம்பி ஓகஸ்டில் சுகமாகப் பிறந்தான். தொட்டிலை அப்பா தனியாகவே பூட்டினார், ஒரு ஆணி எப்போதும் கிறீச்சிட்டது. பள்ளிக்கூடம் தொடங்கியதும் அப்பா போய், நூலகத்துக் கதையால் பிள்ளை பயந்துவிட்டாள் என்று முறையிட்டார். புதன்கிழமைகளில் என்னை வேறு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே மென்மையாகப் பேசும் ஒரு பெண் கலர்ப் பென்சில் தந்து, என்ன பயம் என்று கீறச் சொன்னாள். நான் விமானம் கீறினால் அவள் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டாள். அவளுக்குப் பிடிக்கிறது என்று நான் நிறைய விமானம் கீறினேன். நூலகத்து ரீச்சர் நடைவழியில் கண்டால் ஏதோ கேட்க வருவதுபோல் நிற்பார், கேட்காமல் போய்விடுவார். நாங்கள் அவருக்குச் செய்தது அநியாயம். அந்த வருடம் செத்தவர்களைப் பற்றி என்னோடு பேசிய ஒரே பெரிய ஆள் அவர்தான்.

தம்பிக்கு முப்பத்தொரு நாள் கழிந்த பிறகு ஒரு மத்தியானம். அம்மா அவனைக் குளிப்பாட்டி மடியில் கிடத்தியிருந்தார். நெருப்பு அலாரம் அடிக்காமல் இருக்கப் பல்கனிக் கதவைத் திறந்துவைத்து, சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டிருந்தார். என் வாயைப் பார்த்துப் பயப்படுவதை எப்போதோ விட்டுவிட்டார்.

"என்ன கதை அது?" என்று கேட்டார். "அண்டைக்கு நீ பயந்த கதை. சொல்லு பாப்பம்."

நான் சொன்னேன். மேளம், சங்கு, தீப்பந்தம், வரிசை. குப்புறப் படுக்க வேண்டும் என்பது. பார்த்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது. அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எல்லாரும் போவினமோ அந்த வரிசையிலை? வேறை நாட்டுப் பிள்ளையளும்?"

"தெரியேல்லை அம்மா."

"எங்களைக் கண்டா நிண்டு கதைப்பினமோ?"

"இல்லை. நிக்கமாட்டினம். போய்க்கொண்டே இருப்பினம்."

அம்மா தம்பியின் தலையை உள்ளங்கையால் தடவினார்.

"அப்ப நான் நிமிந்து பாப்பன்" என்றார்.

"பாக்கக் கூடாதம்மா! பாத்தாக் கூட்டிக்கொண்டு போயிடுவினம்!"

"ஓம், சொன்னனி" என்றார் அம்மா. "பாப்பன்."

நான் அம்மாவின் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அப்பா வேலையால் வரும்வரைக்கும் விடவில்லை.